சமமாக வந்தால் யார் போவது?



கடந்த மாசி மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வருமானவரி வேலை நெரிக்கத் தொடங்குவதற்கு முன் எனக்குக் கிடைத்த கடைசி ஓய்வுநாள் அது. தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கீழே பேஸ்மென்றிலிருந்து மருமகன் போட்ட சத்தத்தில் எல்லோரும் பதறிக்கொண்டு ஓடினோம். பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஆடும் புட்போல் வீடியோ கேம் திரையில் நின்றது.

"மாமா, இது அநியாயம். மூன்று ரீமுக்கும் ஒரே வெற்றி, ஒரே தோல்வி. நான் அவங்களை வென்றனான். ஆனா அவங்களைத்தான் ஃபைனலுக்கு எடுத்திருக்கு" என்றான்.

"யார் எடுத்தது?"

"கேம் எடுத்தது."

"எந்த விதிப்படி?"

"அது சொல்லேல்லை."

முப்பது வருடமாகப் பேரேட்டோடு வாழ்பவனுக்கு இந்தக் கடைசி வார்த்தை சும்மா விடவில்லை. ஒரு தொகை எப்படி வந்தது என்று சொல்லாத கணக்கை நான் கையெழுத்திட்டுக் கொடுக்க முடியாது. ஒரு விளையாட்டில் மட்டும் அது எப்படிச் செல்லுபடியாகும்? அன்று தொடங்கிய தேடல்தான் இந்த மாதப் பேச்சு. இரண்டு பேரோ மூன்று பேரோ சமமாக வந்து நிற்கும்போது, யார் மேலே போவது என்பதை மனிதர்கள் எப்படித் தீர்மானித்து வந்திருக்கிறார்கள் என்பதன் சிறு வரலாறு இது.

முதலில் ஒரு விளக்கம். நாங்கள் உதைபந்தாட்டம் என்று சொல்வதை இங்கே சொக்கர் என்கிறார்கள். புட்போல் என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, முட்டி மோதி ஓடும் ஆட்டம். அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகள் ஆடும் இந்தப் புட்போலுக்கு இருக்கும் ஆரவாரம், எங்கள் ஊரில் பாடசாலைகளின் பெரும் சமருக்கு இருந்ததைப் பல மடங்கு பெருக்கியது போன்றது.

ஊரில் சமநிலை என்பது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெரும் சமரை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்கணக்கில் ஆடி, கடைசி மாலையில் 'வெற்றி தோல்வியின்றி முடிந்தது' என்று அறிவிப்பார்கள். இரண்டு பக்கமும் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். இரண்டே இரண்டு பேர் மோதும் ஆட்டத்தில் அது போதும். பல அணிகள் சேர்ந்து ஒரே ஒரு கிண்ணத்துக்கு ஆடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே யாராவது ஒருவரை மேலே அனுப்பி, மற்றவரை வீட்டுக்கு அனுப்பியே ஆகவேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிப் புட்போலில் இந்தச் சிக்கல் மிகப் பெரியது. முதல்தரப் பிரிவில் மட்டும் 130க்கு மேற்பட்ட அணிகள். உடம்பை முறிக்கும் ஆட்டம் என்பதால் ஓர் அணி ஒரு பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்கள் அளவில்தான் ஆடும். ஆகவே பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அப்படியானால் நாட்டில் முதலாவது யார்? இந்தக் கேள்விக்கு அவர்கள் நெடுங்காலம் கண்ட பதில் வாக்கெடுப்பு. 1936ஆம் ஆண்டிலிருந்து அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வாரந்தோறும் பத்திரிகையாளர்களின் வாக்கைத் திரட்டிப் பட்டியல் போட்டது. 1950இல் பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பும் வந்தது. இரண்டு பட்டியலிலும் வெவ்வேறு அணிகள் முதலாவதாக வந்தால் இரண்டு சாம்பியன்கள். வீட்டுக்கு இரண்டு தலைப்பிள்ளை போல.

இந்த இடத்தில் எங்கள் நகரத்துக்கு வருவோம். ரொறன்ரோ புளோர் வீதியில் உள்ள வார்சிற்றி விளையாட்டரங்கைப் பல நேயர்கள் பஸ்ஸிலிருந்தாவது பார்த்திருப்பீர்கள். 1965ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் அங்கேதான் கனடியக் கல்லூரிப் புட்போலின் முதலாவது வனியே கிண்ண ஆட்டம் நடந்தது. அப்போதைய ஆளுநர் நாயகம் ஜோர்ஜ் வனியேயின் பெயர் அந்தக் கிண்ணத்துக்கு. ரொறன்ரோ பல்கலைக்கழகம் 14க்கு 7 என்று அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தை வென்றது.

அந்த இரண்டு அணிகளும் அங்கே எப்படி வந்தன என்பதுதான் எங்கள் கதைக்கு வேண்டியது. அவை அழைக்கப்பட்ட அணிகள். ஒரு குழு கூடி, நாட்டில் சிறந்தவை என்று தனக்குத் தோன்றிய இரண்டைத் தெரிவு செய்து அழைத்தது. 1966இலும் அதுவே நடந்தது. ஆனால் 1967இல் கனடியப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு ஒன்றியம் அதைத் தேசிய சாம்பியன்ஷிப் ஆக்கியது. குழு கூடி அழைக்கும் முறை போய், பிராந்தியங்களில் வென்றவர்கள் அரையிறுதியில் மோதி இறுதிக்கு வரும் முறை வந்தது. அந்த ஆண்டு அல்பேர்ட்டா 10க்கு 9 என்று, ஒரே ஒரு புள்ளியால் மக்மாஸ்ரரை வென்றது. தோற்றவர்களுக்கு வலித்திருக்கும். ஆனால் எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கும் நிலையில் மட்டும் யாரும் இருக்கவில்லை.

இன்றும் முறை அதுதான். கனடாவில் 27 பல்கலைக்கழக அணிகள், நான்கு பிராந்தியங்கள். நான்கு பிராந்திய சாம்பியன்களும் அரையிறுதிக்குப் போவார்கள். எந்தப் பிராந்தியம் எதனோடு மோதுவது என்பதும் சுழற்சி முறையில் ஏற்கெனவே எழுதப்பட்டது. வாரந்தோறும் முதல் பத்து அணிகளின் பட்டியலும் வெளிவரும். அது வாய்ப்பேச்சுக்கு உதவும், யாரையும் இறுதிக்கு அனுப்பாது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இதே படியை ஏற இன்னும் 47 ஆண்டுகள் எடுத்தன. அணிகள் அதிகம், பணம் அதிகம், பழைய ஒப்பந்தங்கள் அதிகம். 1998இல் பி.சி.எஸ். என்ற ஏற்பாடு வந்தது. மனிதர்களின் வாக்கெடுப்பையும் கணனிக் கணக்குகளையும் சேர்த்து ஒரு எண் எடுத்து, முதல் இரண்டு அணிகளை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். 2004 முதல் ஆறு கணனிப் பட்டியல்கள். ஒவ்வோர் அணிக்கும் வந்த ஆறு எண்களில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு, நடுவில் உள்ள நான்கின் சராசரி. இரண்டு வாக்கெடுப்புகளும் கணனிச் சராசரியும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கேட்க அழகான கணக்கு.

அந்த அழகு 2008இல் சோதனைக்கு வந்தது. பிக் 12 என்ற அணிக்கூட்டின் தெற்குப் பிரிவில் மூன்று அணிகள், ஆளுக்கு ஒரே ஒரு தோல்வியுடன் சமமாக நின்றன. டெக்சாஸ், ஒக்லஹோமாவை 45க்கு 35 என்று வென்றிருந்தது. டெக்சாஸ் டெக், டெக்சாஸை 39க்கு 33 என்று வென்றிருந்தது. ஒக்லஹோமா, டெக்சாஸ் டெக்கை 65க்கு 21 என்று வென்றிருந்தது. வட்டம் பூர்த்தியானது. யாரை யார் வென்றார்கள் என்று பார்த்தால் சுற்றிச்சுற்றி வருமே தவிர விடை வராது. அவர்களுடைய விதிக்கோவையில் அப்படி விடை வராமல் போனால், பி.சி.எஸ். பட்டியலில் யார் மேலே இருக்கிறாரோ அவர் போவார் என்று எழுதியிருந்தது. ஒக்லஹோமா மயிரிழையில் மேலே இருந்தது, அதுவே போனது. நேருக்கு நேர் ஒக்லஹோமாவை வென்ற டெக்சாஸ் வீட்டில் இருந்து பார்த்தது. பின்னர் தேசிய இறுதி ஆட்டத்தில் ஒக்லஹோமா புளோரிடாவிடம் 24க்கு 14 என்று தோற்றது.

டெக்சாஸ்காரருக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனாலும் அந்த விதி பருவம் தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. விதி பிழையானது என்று வாதாடலாம், எங்களுக்காகப் பிறகு செய்தது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த ஒரு சிறு சம்பவம் என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. 2010 மார்கழியில் பி.சி.எஸ். கடைசிப் பட்டியல் வெளியானபோது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் பத்தாவது, பொய்சி மாநிலப் பல்கலைக்கழகம் பதினோராவது. ஜெரி பாம் என்பவர் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஆறு கணனிப் பட்டியல்களில் ஒன்றான வெஸ் கொலியின் பட்டியலில், இரண்டாம் தரப் பிரிவில் நடந்த ஒரே ஓர் ஆட்டத்தின் முடிவு பதியப்படாமல் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்ததும் பத்தும் பதினொன்றும் இடம் மாறின. கொலி பிழையை ஒப்புக்கொண்டார், பட்டியல் திருத்தப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆறு பேரில் தன் கணக்கு முறையை முழுமையாக வெளியிட்டிருந்தவர் கொலி ஒருவர்தான். அதனால்தான் அவருடைய பிழையை வெளியாள் ஒருவரால் கண்டுபிடிக்க முடிந்தது. மற்ற ஐந்து கணக்குகளிலும் பிழை இருந்ததா இல்லையா என்று கணக்காய்வு செய்ய ஊருக்கு வழியே இருக்கவில்லை. பிழை அகப்பட்ட கணக்கைவிட, பிழை அகப்படவே முடியாத கணக்குத்தான் ஆபத்தானது. இதைப் புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லாத ஆண்டில்லை.

2014 பருவத்திலிருந்து பி.சி.எஸ். போய், பதின்மூன்று பேர் கொண்ட ஒரு குழு நான்கு அணிகளைத் தெரிவு செய்யும் முறை வந்தது. கனடா 1967இல் விட்டுவிட்டு வந்த குழுவை அவர்கள் மீண்டும் நாற்காலி போட்டு இருத்தினார்கள். 2023இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்று, தன் அணிக்கூட்டின் சாம்பியனாகவும் வந்தது. அதன் முக்கிய வீரர் காயமடைந்திருந்தார். குழு அந்த அணியை வெளியே விட்டு, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை உள்ளே எடுத்தது. ஓர் ஆட்டத்திலும் தோற்காதவன் எதைச் சரியாகச் செய்திருந்தால் உள்ளே போயிருக்கலாம்? அதற்கு எந்தத் தாளிலும் பதில் இல்லை. 2024 முதல் பன்னிரண்டு அணிகள். அவற்றில் ஐந்து இடங்கள் அணிக்கூட்டுகளின் சாம்பியன்களுக்கு. மிச்சம் ஏழும் இன்னமும் குழுவின் கையில்தான்.

இனி மருமகனின் வீடியோ கேமுக்கு வருவோம். ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 1993இல் பில் வோல்ஷ் என்ற பயிற்சியாளரின் பெயரில் முதலாவது கல்லூரிப் புட்போல் விளையாட்டை வெளியிட்டது. பின்னர் ஆண்டுதோறும் ஒரு பதிப்பு வந்து, 2013 ஆடியில் வந்த பதிப்போடு நின்றுபோனது. எட் ஓபானன் என்ற முன்னாள் கூடைப்பந்து வீரர், தன்னைப் போன்ற உருவம் ஒரு வீடியோ கேமில் ஓடுவதைக் கண்டு, என் உருவத்தை விற்று எனக்கு ஒரு சதமும் தராமல் இருப்பது என்ன நியாயம் என்று 2009இல் வழக்குப் போட்டார். அந்த வழக்குகளின் அழுத்தத்தில்தான் புட்போல் விளையாட்டும் நின்றது. மாணவ வீரர்கள் தம் பெயருக்கும் உருவத்துக்கும் பணம் பெறலாம் என்ற நிலை வந்த பிறகு, 2024 ஆடியில் அது திரும்ப வந்தது. சம்மதித்த வீரருக்கு 600 அமெரிக்க டொலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் கொடுத்தார்கள்.

இந்த விளையாட்டில் ஒருவர் ஓர் அணியின் பயிற்சியாளராக இருந்து, பல பருவங்கள் தொடர்ந்து ஆடலாம். ஒவ்வொரு பருவ முடிவிலும் யார் மேலே போவது என்பதைக் கணனி சொல்லியாக வேண்டும். இதில்தான் மென்பொருள் எழுதுபவருக்குத் தலையிடி. நிஜ வாழ்க்கையில் வாக்களிக்கப் பத்திரிகையாளர்கள் உண்டு, கூடிப் பேசக் குழு உண்டு. கணனிக்குள் பத்திரிகையாளர் யாரும் இல்லை. 'இது சிக்கலான விஷயம், திங்கட்கிழமை கூடிப் பேசுவோம்' என்று கணனி சொல்ல முடியாது. இரண்டு எண்கள் சமமாக வந்தால் அடுத்து எதைப் பார்ப்பது, அதுவும் சமமென்றால் எதைப் பார்ப்பது என்று கடைசிப் படி வரைக்கும் யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு படி எழுதாமல் விட்டால் நிரல் அங்கேயே தடக்கி நிற்கும், அல்லது பெயரின் அகரவரிசை போன்ற அர்த்தமில்லாத ஒன்றை வைத்து ஆளைத் தெரிவு செய்துவிடும். பி.சி.எஸ். வந்தபோது அதைப்போல ஒரு பட்டியலும், குழு வந்த பிறகு குழுவைப்போல ஒரு தெரிவும் நிரலாக எழுதப்பட வேண்டியிருந்தது. மனிதர்களின் மனச்சாய்வைக்கூட எண்ணாக்கித்தான் கணனிக்குக் கொடுக்கலாம்.

இது ஒரு நல்ல ஒழுக்கம். எல்லா நிலைமைக்கும் முன்கூட்டியே விதி எழுத வேண்டும் என்று கணனி எங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அதே விளையாட்டில் ஒரு குறையும் உண்டு. அந்த எண் எப்படி வந்தது என்று விளையாடும் பிள்ளைக்குக் காட்டுவதில்லை. விதி உள்ளே இருக்கிறது, தோற்றவனுக்குத் தெரியாது. 'அது சொல்லேல்லை' என்று மருமகன் சொன்னது இதைத்தான்.

எங்கள் பிள்ளைகள் ஸ்காபரோவின் பேஸ்மென்றுகளில் ஒரு காலத்தில் விழுந்து விழுந்து ஆடிய ஈ.ஏ. நிறுவனத்தின் கிறிக்கெற் 07 என்ற விளையாட்டு, இதே கனடாவில், நோவா ஸ்கோஷியாவில் உள்ள எச்.பி. ஸ்ரூடியோஸ் என்ற நிறுவனத்தில் உருவானது என்பது பலருக்குத் தெரியாது. கிறிக்கெற் என்றதும் நேயர்களுக்குச் சமநிலைக் கதைகள் பல ஞாபகம் வரும். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

1992 பங்குனி 22, சிட்னி, உலகக் கிண்ண அரையிறுதி. தென்னாபிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவை. மழை. பன்னிரண்டு நிமிடம் ஆட்டம் நின்றது. திரும்ப வந்தபோது ஒரே ஒரு பந்து மிச்சம், இலக்கு ஏறக்குறைய அப்படியே. முதலில் ஆடிய அணி குறைவாக ஓட்டம் எடுத்த ஓவர்களைக் கழித்து இலக்கைக் குறைக்கும் விதி அது. விதி முன்பே எழுதப்பட்டிருந்தது. ஆனால் எழுதியவர்கள் இப்படி ஒரு நிலைமையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் டக்வேர்த், லூயிஸ் என்ற இரண்டு புள்ளிவிபரவியலாளர்களின் முறை 1997இல் களத்துக்கு வந்தது.

2003 பங்குனி 3, டேர்பன். இம்முறை எங்கள் இலங்கை அணி. அத்தபத்துவின் 124 ஓட்டங்களோடு இலங்கை 268. தென்னாபிரிக்கா துரத்தும்போது மழை. 45ஆவது ஓவரை வீசுகிறார் முத்தையா முரளிதரன். ஐந்தாவது பந்தில் பவுச்சர் ஆறு ஓட்டம் அடிக்கிறார். மொத்தம் 229. அந்த எண் போதும் என்று உள்ளேயிருந்து செய்தி வந்திருந்ததால், கடைசிப் பந்தை அவர் தட்டி வைத்துவிட்டு நிற்கிறார். ஆட்டம் அதோடு நிற்கிறது. ஆனால் தாளில் இருந்த 229 என்பது வெல்லும் எண் அல்ல, சமநிலை எண். வெல்ல 230 வேண்டும். போட்டியை நடத்திய நாடே அடுத்த சுற்றுக்குப் போகாமல் வெளியேறியது. இங்கே விதியும் சரி, தாளும் சரி, வாசித்தவர் பிழை. ஆனாலும் தாள் கையில் இருந்ததால், பிழை எங்கே நடந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் சந்தேகமில்லை.

2019 ஆடி 14, லோர்ட்ஸ், இறுதிப்போட்டி. நியூசிலாந்தும் இங்கிலாந்தும் ஆளுக்கு 241. மேலதிக ஓவரிலும் ஆளுக்கு 15. யார் அதிக பவுண்டரிகள் அடித்தார்கள் என்று எண்ணி, 26க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கிண்ணம் போனது. அதே ஆண்டு ஐப்பசியில் சர்வதேச கிறிக்கெற் சபை அந்த விதியை எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை மேலதிக ஓவர்கள் என்று மாற்றியது. ஓடி எடுத்த நான்கு ஓட்டம் ஏன் அடித்து எடுத்த நான்கைவிடக் குறைவு என்ற கேள்விக்கு அந்த விதியிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் அது ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்ட விதி. நியூசிலாந்து கவலையோடு போனது, ஏமாற்றப்பட்டதாகச் சொல்லிக்கொண்டு போகவில்லை.

இனி நான் சொல்லப்போவது, இந்தப் பேச்சை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம்.

பல வருடங்களுக்கு முன், எங்கள் சமூகத்தின் ஒரு மென்பந்துச் சுற்றுப்போட்டி. பத்து ஓவர் ஆட்டங்கள். நான் ஏற்பாட்டுக் குழுவின் பொருளாளர், அன்றைக்குப் புள்ளிப் பதிவாளரும் நானே. பிற்பகலில் ஒரு பிரிவில் மூன்று அணிகள் சமம். ஒன்றை ஒன்று வென்று வட்டமாக நின்றன. இரண்டு பேர்தான் அரையிறுதிக்குப் போகலாம். எங்கள் விதித்தாளில் சமநிலை பற்றி ஒரு வரியும் இல்லை. மைதானத்துக்கு மாநகர சபை தந்த நேரமோ முடிந்துகொண்டிருந்தது. குழு மரத்தடியில் கூடி, நிகர ஓட்ட விகிதத்தைப் பார்ப்போம் என்றது. 'நீர்தானே கணக்காளர், போடும்' என்று என்னிடம் தந்தார்கள். பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவதாக வந்த அணியின் தலைவர், வயதில் இளையவர், என்னிடம் வந்தார்.

"அண்ணை, இந்த விதி காலமை எங்க இருந்தது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, கணக்குப் பொய் சொல்லாது" என்றேன். கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாகனத்தில் ஏறினார். அதற்குப் பிறகு அந்த அணி எங்கள் சுற்றுப்போட்டிக்கு வரவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பழைய பெட்டி ஒன்றைத் துப்புரவாக்கும்போது அந்தத் தாள் அகப்பட்டது. பழக்கதோஷத்தில் கூட்டிப் பார்த்தேன். மேலே போன அணிகளில் ஒன்று, ஓர் ஆட்டத்தில் 7 ஓவரில் 42 ஓட்டங்களுக்கு எல்லோரும் ஆட்டமிழந்திருந்தது. நான் 42ஐ 7ஆல் பிரித்து, ஓவருக்கு 6 என்று எழுதியிருக்கிறேன். நிகர ஓட்ட விகிதக் கணக்கில், எல்லா விக்கெற்றும் விழுந்தால் முழு ஓவர்களாலும் பிரிக்க வேண்டும். 42ஐ 10ஆல் பிரித்தால் 4.2. சீக்கிரம் விழுந்து போனதற்காக ஓர் அணிக்கு நான் பரிசு கொடுத்திருக்கிறேன். சரியாகப் போட்டால் அந்தத் தம்பியின் அணிதான் போயிருக்க வேண்டும்.

அன்றைக்கு நான் அந்தத் தாளை ஒருவருக்கும் காட்டவில்லை. அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. காட்டியிருந்தால், கிறிக்கெற் தெரிந்த எந்தப் பெடியனும் ஒரு நிமிடத்தில் பிழையைச் சொல்லியிருப்பான். விதியையும் ஆட்டம் முடிந்த பிறகு தேடினோம், கணக்கையும் மூடி வைத்தோம். இரண்டு பிழையும் ஒன்றாகச் சேர்ந்தால் அது கணக்குப் பிழை என்ற அளவில் நிற்காது, மனிதரை அவமதிப்பதாகிவிடும்.

தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து அவரை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "விடுங்கோ அண்ணை, அது முடிஞ்ச கதை. ஆனா இனிமேல் பேப்பரைக் காட்டிப்போட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

அடுத்த சுற்றுப்போட்டிக்கு ஒரு பக்கத்தில் விதி எழுதினோம். சமமாக வந்தால் முதலில் நேருக்கு நேர் முடிவு. வட்டமாக வந்தால் நிகர ஓட்ட விகிதம், அதைப் போடும் முறை ஓர் உதாரணத்தோடு. அதுவும் சமமென்றால், காலையில் எல்லாத் தலைவர்களும் பார்த்திருக்கக் குலுக்கி எடுத்து வைத்த வரிசை. கடைசிப் படி வெறும் அதிர்ஷ்டம்தான். ஆனால் அது எல்லோருக்கும் முன்னால் நடந்த அதிர்ஷ்டம், மரத்தடியில் எடுத்த முடிவு அல்ல. கணக்குத் தாள் மேசையில் திறந்து கிடக்கும், யாரும் வந்து கூட்டிப் பார்க்கலாம். மூன்றாவது ஆண்டில் அந்தத் தம்பியின் அணி திரும்ப வந்தது.

மருமகனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப நீங்களும் அந்தக் கேம் மாதிரித்தான் செய்தனீங்கள், மாமா" என்றான். மறுக்க முடியவில்லை.

கோடை வருகிறது. பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் பூங்காக்களில் மைதானம் பதிவு செய்யத் தொடங்கிவிட்டன. கிறிக்கெற் ஆகட்டும், கரப்பந்து ஆகட்டும், பிள்ளைகளின் பேச்சுப்போட்டி ஆகட்டும், நடத்துபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முதல் பந்து வீசுவதற்கு முன், சமமாக வந்தால் யார் போவது என்பதை ஒரு தாளில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், எங்கள் தாளின் பிரதி ஒன்றை அனுப்பி வைக்கிறேன்.